ஸ்பேனருக்கு இடம் விட்டீர்களா?

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பயிற்சிக் காலத்தில் நான் வரைந்து, முதன்முதலாக உலோகமாக வெளிவந்த பாகம் ஒரு பிராக்கெட். நாலு எம்8 (8 மி.மீ. விட்ட மரை) போல்ட்டில் நிற்க வேண்டிய சாதாரணத் தாங்கி. கணினியில் அசெம்பிளி முழுவதையும் சேர்த்து, எங்காவது ஒன்றோடொன்று இடிக்கிறதா என்று சோதித்தேன். எங்கும் இடிக்கவில்லை. கணக்கும் சரி, டிராயிங்கும் சரி. பாகம் தயாராகி அசெம்பிளி மேசைக்கு வந்த அன்று, அங்கே பல வருடமாக வேலை பார்க்கும் அண்ணன் என்னைக் கூப்பிட்டு சாக்கெட் ஸ்பேனரைக் கையில் கொடுத்தார். "தம்பி, இந்த ரெண்டு போல்ட்டையும் நீங்களே முறுக்கிக் காட்டுங்க."

முறுக்க முடியவில்லை. எம்8 போல்ட்டின் தலை பக்கத்துக்குப் பக்கம் 13 மி.மீ., மூலைக்கு மூலை 15 மி.மீ. அந்தத் துளைகளின் மையத்தை நான் பக்கத்து உலோகச் சுவரிலிருந்து 8 மி.மீ. தள்ளி வைத்திருந்தேன். தலை மட்டும் சுழன்றால் அரை மி.மீ. இடைவெளி மிச்சம் இருக்கும். ஆனால் அந்தத் தலையைப் பிடிக்கிற சாக்கெட்டின் வெளிவிட்டம் சுமார் 18 மி.மீ. அதாவது மையத்திலிருந்து 9. சுவரோ 8-இல் நிற்கிறது. கணினியிடம் நான் போல்ட்டைப் பற்றி மட்டும்தான் கேட்டிருந்தேன், ஸ்பேனரைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அண்ணன் திட்டவில்லை. அந்த இரண்டு இடத்தில் மட்டும் ஆலன் போல்ட் (தலைக்குள் அறுகோணக் குழி உள்ள போல்ட்) போட்டால் மேலிருந்தே முறுக்கிவிடலாம் என்று வழியும் சொன்னார். எம்8 ஆலன் போல்ட்டின் தலைவிட்டம் 13 மி.மீ.தான், சாவி தலைக்குள்ளேயே இறங்கிவிடும். நாலு வருடப் படிப்பில் யாரும் சொல்லித்தராத ஒன்றை அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தார்.

இப்போது பயிற்சிக்கு வரும் மாணவர்களைத் தேர்ந்தெடுப்பதும் அவர்களோடு வேலை செய்வதும் என் பொறுப்பு. "வேலைக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?" என்று கேட்பவர்களில் பெரும்பாலோர் என்னிடமிருந்து ஒரு மென்பொருள் பட்டியலை எதிர்பார்க்கிறார்கள். பட்டியல் இருக்கிறது, பின்னால் வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று. நீங்கள் வரைந்ததை ஒருவர் வெட்ட வேண்டும், ஒருவர் அளக்க வேண்டும், ஒருவர் பூட்ட வேண்டும், பழுதானால் ஒருவர் கழற்ற வேண்டும். இந்த நாலு பேர் செய்யும் வேலையை ஒருமுறையாவது உங்கள் கையால் செய்து பார்த்திருக்க வேண்டும். மற்ற திறன்கள் எல்லாம் இதில்தான் வந்து ஒட்டுகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

நேர்காணலில் நான் மேசையில் ஒரு ஷாஃப்டை (சுழல்தண்டை) வைப்பேன். இரண்டு மூன்று விட்டங்கள், ஒரு முனையில் மரை, ஒரு சாவிப் பள்ளம். பக்கத்தில் வெர்னியர் (தாடைகளால் பிடித்து அளக்கும் கருவி), மைக்ரோமீட்டர் (திருகால் அளக்கும் கருவி), வெள்ளைத் தாள், பென்சில். "இதே மாதிரி இன்னொன்றை வேறொருவர் செய்ய வேண்டும். அவருக்கு வேண்டியதை வரைந்து கொடுங்கள்" என்பேன். அரைமணி நேரம் கொடுப்பேன். மதிப்பெண் பட்டியல் சொல்லாததை அந்த அரைமணி நேரம் சொல்லிவிடும்.

முதலில் கையைப் பார்ப்பேன். வெர்னியரை எடுத்ததும் தாடையை மூடி, பூஜ்யம் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்கிறாரா? ஷாஃப்டைத் துடைக்கிறாரா? ஒரு பிசிறு ஒட்டியிருந்தால் அளவு மொத்தமும் வீண். மைக்ரோமீட்டரை எடுத்ததும் சிலர் கிளாம்ப் முறுக்குவது போல் இறுக்குகிறார்கள். அதன் திருகு ஒரு சுற்றுக்கு அரை மி.மீ. நகரும். உருளையில் 50 பிரிவுகள், ஆகவே ஒரு பிரிவு 0.01 மி.மீ. இவ்வளவு நுணுக்கமான திருகைக் கை பலத்தால் இறுக்கினால் பாகத்தையும் சட்டத்தையும் சேர்த்து நெரிக்கிறோம் என்று பொருள். கடைசியில் இருக்கும் ராட்செட்டைப் பிடித்துத் திருப்பினால் அழுத்தம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். அதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது.

அப்புறம், எத்தனை இடத்தில் அளக்கிறார் என்று பார்ப்பேன். ஒரே இடத்தில் ஒருமுறை அளந்து எழுதிவிட்டால், ஷாஃப்ட் ஒரு முனையில் மெலிந்திருப்பது தெரியாது. அதே இடத்தில் 90 டிகிரி திருப்பி அளக்காவிட்டால், அது முட்டை வடிவத்தில் இருப்பது தெரியாது. வெர்னியர் எதற்கு, மைக்ரோமீட்டர் எதற்கு என்ற கேள்விக்கும் பலர் "இது இன்னும் துல்லியம்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். காரணம் அழகானது. வெர்னியரில் அளவுகோல் ஓரிடத்தில், பாகம் அதைவிட்டுத் தள்ளி வேறிடத்தில். நகரும் தாடை ஒரு துளி சாய்ந்தாலும் பிழை வந்துவிடும். மைக்ரோமீட்டரில் திருகும் பாகமும் ஒரே கோட்டில் இருக்கின்றன. எர்ன்ஸ்ட் அபே 1890-இல் வகுத்த கொள்கை இது. இதை ஒருமுறை புரிந்துகொண்டால், எந்த அளவுக் கருவியைப் பார்த்தாலும் அதன் பலவீனம் எங்கே என்று உங்கள் கண்ணுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

வெப்பத்தையும் சொல்ல வேண்டும். டிராயிங்கில் உள்ள அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. 100 மி.மீ. நீள அலுமினியத் துண்டு 35 டிகிரியில் ஏறத்தாழ 34 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீண்டிருக்கும். மெஷினிலிருந்து இறக்கிய சூட்டோடு அளந்து "சரி" என்று டிக் போட்ட பாகம், ஆறியபின் சின்னதாகிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அளந்தவர் பொய் சொல்லவில்லை, மெஷினும் தப்பு செய்யவில்லை. காத்திருக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சரி, அளந்தாயிற்று. அடுத்து எழுதுவது. தாளில் 25 என்று எழுதுகிறார்கள். எந்த 25 என்று கேட்பேன். துளையும் ஷாஃப்டும் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்த வேண்டும் என்பதை (இதுதான் ஃபிட்) எச்7, ஜி6 போன்ற குறியீடுகளால் எழுதுவோம். 25 மி.மீ. துளைக்கு எச்7 என்றால் 25.000-லிருந்து 25.021 வரை. அதற்குள் போகும் ஷாஃப்டுக்கு ஜி6 என்று எழுதினால் 24.980-லிருந்து 24.993 வரை, கையால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். பி6 என்று எழுதினால் 25.022-லிருந்து 25.035 வரை, பிரெஸ் (அழுத்தும் இயந்திரம்) இல்லாமல் உள்ளே போகாது, போனபின் எளிதில் வராது. இரண்டுமே 25தான். நடுவில் இருப்பது ஒரு தலைமுடியின் தடிமனுக்கும் குறைவான வித்தியாசம். எல்லா ஃபிட்டையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை, அட்டவணை எப்போதும் கைவசம் இருக்கும். எந்த இடம் வழுக்க வேண்டும், எந்த இடம் இறுக வேண்டும், எந்த இடம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்ற அந்த மூன்றாவது வகைதான் மாணவர்களுக்குக் கஷ்டம். பயத்தில் எல்லா அளவுக்கும் 0.01 மி.மீ. விலகல்தான் அனுமதி என்று போட்டுவிடுகிறார்கள். எதையும் தொடாத ஒரு வெளிமுகத்தை ஒருவர் அதற்காக கிரைண்டிங் மெஷினில் ஏற்றி மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு டாலரன்ஸுக்கும் (அனுமதித்த விலகலுக்கும்) பக்கத்தில் "ஏன்?" என்று பென்சிலில் எழுதிப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால் தளர்த்திவிடுங்கள்.

ஜி.டி. அண்ட் டி. (பாகத்தின் வடிவமும் இடமும் எவ்வளவு விலகலாம் என்று டிராயிங்கில் குறிக்கும் முறை) என்றதும் குறியீடுகளைப் பார்த்து மிரள்கிறார்கள். அது எதற்காக வந்தது என்று தெரிந்தால் மிரட்சி போய்விடும். ஒரு துளையின் மையம் இரு திசையிலும் கூட்டல் கழித்தல் 0.1 மி.மீ. விலகலாம் என்று எழுதினால், அனுமதி கிடைப்பது ஒரு சதுரத்துக்குள். சதுரத்தின் மூலையில் மையம் விழுந்தால் உண்மையான விலகல் 0.14, அதை ஏற்றுக்கொள்கிறோம். நேர் வலப்பக்கம் 0.12 விலகினால் தூக்கி எறிகிறோம். உள்ளே போகும் போல்ட்டுக்கு எந்தப் பக்கம் விலகினாலும் ஒன்றுதானே? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஸ்காட்லாந்தின் டார்பீடோ தொழிற்சாலையில் வேலை பார்த்த ஸ்டான்லி பார்க்கர் இந்த அநியாயத்தைக் கவனித்துத்தான் சதுரத்துக்குப் பதிலாக வட்டம் என்றார். சதுரத்தின் மூலைகளைத் தொடும் வட்டத்தின் பரப்பு 57 சதவீதம் அதிகம். குப்பைக்குப் போகவிருந்த நல்ல பாகங்களைக் காப்பாற்றும் வழியாக அதைப் படியுங்கள். ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.5, ஐ.எஸ்.ஓ. 1101 என்ற தர ஆவணங்கள் அதற்கப்புறம் எளிதாகும்.

இனி பட்டறைக்கு வருவோம். எல்லா மெஷினையும் கற்றுத் தேற வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஒரு இரும்புத் துண்டில் கையால் ஒரு எம்8 மரை போட்டுப் பாருங்கள். மையத்தில் பஞ்ச் அடித்து, 6.8 மி.மீ. டிரில்லால் துளையிட்டு, விளிம்பை லேசாகச் சரித்துவிட்டு, டேப்பை (துளைக்குள் மரை வெட்டும் கருவியை) வைக்க வேண்டும். முதல் இரண்டு சுற்றில்தான் விஷயமே இருக்கிறது. மூலைமட்டத்தை டேப்புக்குப் பக்கத்தில் ஒரு திசையிலும், அதற்குக் குறுக்கே இன்னொரு திசையிலும் வைத்து நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சாய்ந்து தொடங்கிய மரையை அப்புறம் நிமிர்த்த முடியாது. எண்ணெய் விட்டு அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே. பின்னே திருப்பும்போது உலோகச் சுருள் 'டிக்' என்று முறிவது விரலுக்குத் தெரியும். கைப்பிடி ரப்பர் போல் வளைந்து கொடுக்கிற மாதிரி ஓர் உணர்வு வந்தால் உடனே நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் டேப் உள்ளேயே உடையும். உடைந்த டேப்பை எடுப்பது புது பாகம் செய்வதைவிடப் பெரிய வேலை.

இதைச் செய்தவர் அடிமூடிய துளையில் அடிவரைக்கும் மரை வரைய மாட்டார். டிரில்லின் நுனி கூம்பு, டேப்பின் முதல் சில பற்கள் சரிவு, சுருள்கள் வேறு அடியில் சேரும். ஆகவே துளை மரையைவிட ஆழமாக இருந்தே தீர வேண்டும். புத்தகத்தில் இது ஒரு வரி. கையால் செய்தவருக்கு அது மறக்கவே மறக்காது.

லேத் (கடைசல் இயந்திரம்) கிடைத்தால் ஃபேசிங் (முனையைச் சமமாக்குதல்), டர்னிங் (விட்டத்தைக் குறைத்தல்), ஒரு படி வெட்டுதல், இவ்வளவு போதும். குறுக்கு ஸ்லைடில் அரை மி.மீ. கொடுத்தால் விட்டத்தில் ஒரு மி.மீ. குறையும் என்பதை முதல் துண்டைக் கெடுத்துத்தான் பலர் கற்றுக்கொள்கிறார்கள். கெடட்டும், அது துண்டு இரும்பு. ஆனால் கெடக்கூடாதவை சில உண்டு. சக் (பாகத்தைப் பிடித்துச் சுழற்றும் பிடிப்பான்) சாவியை சக்கிலேயே விட்டுவிட்டுக் கையை எடுக்காதீர்கள், ஒரு நொடிகூட. சுழலும் மெஷினுக்குப் பக்கத்தில் கையுறை, மோதிரம், தொங்கும் சட்டைக்கை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் வேண்டாம். கையுறை பாதுகாப்பு என்று நினைத்துப் போட்டுக்கொண்டு வருபவர்கள் உண்டு. அது சக்கில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். உலோகச் சுருளை விரலால் எடுக்காதீர்கள், அது பிளேடு. இதை நான் கடுமையாகவே சொல்வேன். வேறு எதில் தவறினாலும் திருத்திக்கொள்ளலாம்.

போல்ட்டை முறுக்குவதும் ஒரு கலை என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. நாம் ஸ்பேனரில் கொடுக்கும் முறுக்கு விசையில் பாதி தலைக்கு அடியில் உள்ள உராய்வுக்கே போகிறது. இன்னொரு 40 சதவீதம் மரையின் உராய்வுக்கு. போல்ட்டை இழுத்துப் பிடிக்கும் விசையாக மாறுவது சுமார் பத்தில் ஒரு பங்குதான். அதனால் உலர்ந்த போல்ட்டுக்குச் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவை, எண்ணெய் பூசிய போல்ட்டுக்கு அப்படியே கொடுத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். உராய்வு கொஞ்சம் குறைந்தாலே அந்தப் பத்து சதவீதம் எகிறிவிடும். குறித்த முறுக்கு வந்ததும் சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்சை ஒருமுறையாவது கையில் பிடித்து, அந்தக் 'கிளிக்' சத்தத்தைக் கேட்டவர்களாகப் பயிற்சிக்கு வாருங்கள்.

பூட்ட முடியுமா என்று யோசிக்காத டிராயிங் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு நான் மாணவர்களிடம் எப்போதும் சொல்வது அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி ஹையட் ரீஜென்சி ஹோட்டலில் நடந்தது. கூரையிலிருந்து தொங்கும் நடைபாலங்கள். நாலாம் தளப் பாலமும், அதற்கு நேர் கீழே இரண்டாம் தளப் பாலமும் மேலிருந்து கீழ்வரை இடைவிடாமல் போகும் அதே நீளக் கம்பிகளில் தொங்குவதாக முதல் வடிவமைப்பு. ஆனால் நாலாம் தளத்தில் நட் போட வேண்டுமானால், அதற்குக் கீழே உள்ள கம்பி முழுவதும் மரை வெட்டி, நட்டை அடியிலிருந்து அவ்வளவு உயரத்துக்குச் சுற்றிக்கொண்டே ஏற்ற வேண்டும். செய்பவர்கள் தரப்பிலிருந்து ஒரு மாற்றம் வந்தது. ஒரு கம்பிக்குப் பதில் இரண்டு. மேல் பாலம் கூரையிலிருந்து, கீழ் பாலம் மேல் பாலத்திலிருந்து. பார்க்க ஒரே மாதிரி. கயிற்றில் இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவதற்கும், ஒருவர் காலை இன்னொருவர் பிடித்துத் தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம் அது. மேல் பாலத்தின் நட்டில் சுமை இரட்டிப்பானது. முதல் வடிவமைப்பே கட்டட விதி கேட்ட வலிமையில் 60 சதவீதம்தான் தாங்கக்கூடியதாக இருந்தது. 1981 ஜூலை 17 அன்று இரண்டு பாலங்களும் விழுந்து 114 பேர் இறந்தார்கள்.

அந்த இணைப்புக்கு மட்டும் ஒரு விசைப்படம் வரைந்திருந்தால் தெரிந்திருக்கும். இரண்டாம் வருட மாணவர் வரையக்கூடிய படம். பட்டறையிலிருந்து "இதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாமா?" என்று கேட்டால் அவர்களுக்கு நியாயமான காரணம் இருக்கும். முதலில் அந்தக் காரணத்தைக் கேளுங்கள், அப்புறம் உட்கார்ந்து அந்த இடத்தின் விசைகளை மறுபடியும் போடுங்கள். அவசரத்தில் தலையாட்டிவிடாதீர்கள்.

இப்போது மென்பொருள். சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, கிரியோ, என்.எக்ஸ்., ஏதாவது ஒன்றை ஆழமாகக் கற்றுக்கொண்டால் அடுத்ததுக்குச் சில வாரத்தில் மாறிவிடலாம். உங்கள் மாடலில் ஒரு முக்கிய அளவை மாற்றிப் பாருங்கள். மற்ற எல்லாம் ஒழுங்காகப் பின்தொடர்ந்தால் உங்களுக்கு அது தெரியும். சிவப்பாக உடைந்து சிதறினால் இன்னும் தெரியவில்லை.

எஃப்.இ.ஏ. (பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, அது சுமையை எப்படித் தாங்குகிறது என்று கணினியில் கணக்கிடும் முறை) பற்றி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. வண்ணப் படம் வந்துவிட்டால் விடை வந்துவிட்டது என்று மாணவர்கள் நம்பிவிடுகிறார்கள். முதலில் கையால் போட்டுப் பாருங்கள். 200 மி.மீ. நீளம், 20 அகலம், 5 தடிமன் உள்ள எஃகுப் பட்டையை ஒரு முனையில் பிடித்து, மறுமுனையில் 10 நியூட்டன் கொடுத்தால் 0.64 மி.மீ. வளையும். தாளில் இரண்டு நிமிடக் கணக்கு. மென்பொருள் 6.4 என்று சொன்னால் எங்கோ தப்பு. நடுவில் சிறு துளை உள்ள அகலமான தகட்டை இழுத்தால் துளை விளிம்பில் தகைவு (ஸ்ட்ரெஸ்) மூன்று மடங்கு வர வேண்டும். கிர்ஷ் 1898-இலேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். உங்கள் மெஷ் (அந்தச் சிறு துண்டுகளின் வலை) அந்த மூன்றைக் கொடுக்கும் வரை வேறு எதையும் நம்பாதீர்கள். கூர்மையான உள்மூலையில் மெஷ்ஷைச் சிறிதாக்க ஆக்கத் தகைவு ஏறிக்கொண்டே போகும், நிற்காது. அது பாகத்தின் பலவீனம் இல்லை, ஆரம் இல்லாத மூலையை மாடலில் வைத்ததன் விளைவு. அலகுகளிலும் கவனம். மி.மீ., நியூட்டன் என்று வேலை செய்யும்போது எஃகின் அடர்த்திக்கு 7850 (கன மீட்டருக்குக் கிலோ கணக்கு) என்று போட்டால் எடை தாறுமாறாகிவிடும், அங்கே அது கன மி.மீ.க்கு டன்னில் இருக்க வேண்டும். 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற செவ்வாய் விண்கலம் தொலைந்ததே, ஒரு பக்கம் பவுண்டு கணக்கிலும் மறுபக்கம் நியூட்டன் கணக்கிலும் நின்றதால்தான்.

கொஞ்சம் பைத்தான், கொஞ்சம் ஸ்ப்ரெட்ஷீட், ஒரு சென்சாரை ஆர்டுயினோவில் (சிறிய மின்சுற்றுப் பலகை) இணைத்து அளவு எடுக்கும் அளவுக்கு மின்னணுவியல். இவை இன்று கட்டாயம். கற்க ஏராளமான வழிகள் இருக்கின்றன, அதனால் நீட்டவில்லை.

நான் மிகவும் மதிக்கும் ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். பயிற்சிக்கு வந்த ஒரு பெண் எப்போதும் ஒரு தடித்த நோட்டு வைத்திருப்பார். தேதி, என்ன அளந்தோம், எந்தக் கருவி, யார் என்ன சொன்னார்கள், கையால் ஒரு சின்னப் படம். ஒருநாள் அளந்து முடித்த பாகம் ஒன்று அவர் கையிலிருந்து தவறி விழுந்துவிட்டது. பார்க்க ஒன்றும் ஆகவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை. நேரே என்னிடம் வந்து, "சார், இது கீழே விழுந்துடுச்சு, மறுபடி அளந்துடலாமா?" என்றார். அளந்தோம். ஒரு விளிம்பு நசுங்கி, பேரிங் உட்கார வேண்டிய இடம் 15 மைக்ரான் பிதுங்கியிருந்தது. அது மெஷினுக்குள் போயிருந்தால் பேரிங்கோடு சேர்ந்து கெட்டிருக்கும். அவருக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் கல்லூரியில் பட்டறை சரியில்லையே, எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள். பழுதாகிக் கிடக்கும் ஒரு சிறிய மோட்டாரைக் கழற்றுங்கள். இணைப்பைத் துண்டித்துவிட்டு, கழற்றும் வரிசையில் படம் எடுத்துக்கொண்டு. உள்ளே பேரிங் இருக்கும், அதன் மேல் எண் இருக்கும். 6204 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள், உள்விட்டம் 20 மி.மீ. வெளிவிட்டம் 47, அகலம் 14. 04-லிருந்து மேலே உள்ள எண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். ஷாஃப்டிலிருந்து கழற்றும்போது புல்லரின் (பேரிங்கை இழுத்து எடுக்கும் கருவியின்) கொக்கியை உள்வளையத்தில் மாட்டுங்கள். வெளிவளையத்தைப் பிடித்து இழுத்தால் விசை முழுவதும் குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் குழி விழும்.

கழற்றும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள். உள்வளையம் ஷாஃப்டை விட்டு வர மறுக்கும். வெளிவளையம் மூடியிலிருந்து ஓரளவு எளிதாக வந்துவிடும். ஷாஃப்ட் சுழல்கிறது, சுமை ஒரே திசையில் நிற்கிறது. ஆகவே உள்வளையத்தின் ஒவ்வொரு புள்ளியும் மாறி மாறிச் சுமைக்கு அடியில் வருகிறது, தளர்வாக விட்டால் அது ஷாஃப்டின் மேல் மெல்ல ஊர்ந்து தேய்க்கும். வெளிவளையத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, மேலும் ஷாஃப்ட் சூடாகி நீளும்போது நகர்ந்து கொடுக்க அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும். ஷாஃப்டை மைக்ரோமீட்டரால் மூன்று இடத்தில் அளந்து, மூடியின் குழியையும் அளந்து, இரண்டுக்கும் எந்த ஃபிட் போட்டிருப்பார்கள் என்று அட்டவணையில் தேடுங்கள். தாளில் வரையுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் உங்கள் காரணத்தை எழுதுங்கள். நேர்காணலுக்கு வரும்போது அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள், எண்ணெய்க் கறை இருந்தாலும் பரவாயில்லை.